செனட் விடுமுறையில் இருக்கிறதா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது?

நண்பர் கேட்டிருப்பது இது: "செனட்டில் டிரம்ப்பின் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. அப்படியிருந்தும் 'சபைக்கு லீவு விடுங்கள், நானே ஆட்களைப் போட்டுக்கொள்கிறேன்' என்று அவர் கேட்க வேண்டியிருக்கிறது. சொந்தக் கட்சிக்காரர்களே அதற்கு இடம் கொடுக்கவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை யாரோ ஒரு உறுப்பினர் காலி மண்டபத்துக்கு வந்து சுத்தியலைத் தட்டிவிட்டுப் போகிறார். ஒபாமா காலத்தில் இதே விஷயத்தில் குடியரசுக் கட்சிதான் எதிர்த்தது. இதில் கொள்கை என்று ஏதாவது இருக்கிறதா? நம் ஊர் அவசரச் சட்டம் மாதிரிதானா இதுவும்?"

மேலே பார்த்தால் இது லீவு பற்றிய கேள்வி. உண்மையில் நண்பர் கேட்பது, ஒரு சபை கூடியிருக்கிறதா கலைந்திருக்கிறதா என்று சொல்லும் உரிமை யாருடையது, அந்த உரிமையைக் கட்சிகள் நேர்மையாகப் பயன்படுத்துகின்றனவா என்பதைத்தான். அரசியலமைப்புச் சட்டத்தைப் பல வருஷம் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அமெரிக்க நீதிமன்றத்தில் நான் வழக்காடியதில்லை. தீர்ப்புகளையும் சபை நடவடிக்கைகளையும் தொடர்ந்து படித்துவந்த பழக்கம்தான் எனக்கு. அதனால் எது தீர்ந்த விஷயம், எது இன்னும் தீராதது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் தீர்ந்தவை. அமைச்சர்கள், தூதர்கள், மத்திய நீதிபதிகள், வாரிய உறுப்பினர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு அதிபர் பெயரைச் சொல்வார், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். இதுதான் விதி. இதற்கு ஒரு விலக்கையும் அரசியலமைப்பே தருகிறது. செனட் விடுமுறையில் இருக்கும்போது காலியிடம் நேர்ந்தால் அதிபர் தானே நிரப்பலாம். விடுமுறை நியமனம் எனப்படும் அந்த நியமனம் செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரை செல்லும். இந்த விலக்கு ஏன் வந்தது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் உறுப்பினர்கள் குதிரையிலும் வண்டியிலும் ஊருக்குத் திரும்பினால் மாதக்கணக்கில் வரமாட்டார்கள். அதுவரை ஒரு நீதிபதி பதவியோ துறைமுக அதிகாரி பதவியோ காலியாகக் கிடக்கக் கூடாது. அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாமில்டன் 1788-இல் எழுதிய கட்டுரையில் இதைத் துணை வழி என்றுதான் குறிப்பிட்டார். முதன்மை வழி எப்போதும் செனட்டின் ஒப்புதல்தான்.

அவசரச் சட்டத்தோடு ஒப்பிட்டது பாதி சரி. சபை இல்லாத நேரத்தில் நிர்வாகத்துக்குத் தற்காலிக அதிகாரம் என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் இந்தியாவில் நாடாளுமன்றத்தைக் கூட்டுவதும் முடித்துவைப்பதும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் செய்யும் வேலை. அதாவது சபை எப்போது இல்லாமல் இருக்கும் என்பதை அரசாங்கமே ஏறக்குறைய தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் காங்கிரஸின், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த நாடாளுமன்றத்தின், நாள்காட்டி அதன் கையிலேயே இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் அங்கே சண்டை முழுக்க 'இது விடுமுறையா இல்லையா' என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

விலக்கை நீட்டும் வேலை ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டது. விடுமுறையின்போது உண்டான காலியிடம் மட்டும்தானா, ஏற்கெனவே காலியாகக் கிடந்ததையும் விடுமுறையில் நிரப்பலாமா என்ற சந்தேகம் வந்தபோது, நிரப்பலாம் என்று 1823-இல் அட்டர்னி ஜெனரல் வில்லியம் விர்ட் கருத்துச் சொன்னார். அதன்பின் கூட்டத்தொடர்களுக்கு நடுவே வரும் விடுமுறை மட்டும்தானா, ஒரே தொடருக்குள் விடும் இடைவெளியும் சேருமா என்ற கேள்வி. சேராது என்று 1901-இல் ஒரு அட்டர்னி ஜெனரல் சொன்னார். சேரும் என்று 1921-இல் இன்னொருவர் மாற்றிச் சொன்னார். ஆனால் அவரும் 5 நாள், ஏன் 10 நாள் இடைவெளியைக்கூட விடுமுறை என்று சொல்ல முடியாது என்று எல்லை வைத்தார். இதற்கெல்லாம் நடுவே 1903 டிசம்பரில் தியோடர் ரூஸ்வெல்ட் செய்ததுதான் உச்சம். ஒரு கூட்டத்தொடர் நண்பகலில் முடிந்து அடுத்தது உடனே தொடங்கியது. அந்த இரண்டுக்கும் நடுவிலான கணத்தை விடுமுறை என்று எண்ணி, 160-க்கும் மேற்பட்ட ராணுவ அதிகாரிகளை அவர் நியமித்தார். செனட்டின் நீதிக்குழு 1905-இல் அறிக்கை எழுதி அதைக் கண்டித்தது.

அந்தக் காலத்தில் இது கட்சிச் சண்டையாக இருந்தது என்பதைவிட, சபைக்கும் அதிபருக்குமான சண்டையாக இருந்தது என்று சொல்வதே சரி. ஐசன்ஹோவர் 1950-களில் உச்ச நீதிமன்றத்துக்கே ஏர்ல் வாரன், வில்லியம் பிரெனன், பாட்டர் ஸ்டூவர்ட் என்று மூன்று பேரை இப்படி அமர்த்தினார். மூவருக்கும் செனட் பிறகு ஒப்புதலும் தந்தது. இருந்தாலும், நிரந்தரம் இல்லாத ஒரு நீதிபதி தன் பதவியை உறுதி செய்யப்போகும் செனட்டை மனதில் வைத்துத் தீர்ப்பு எழுத நேரிடுமே என்ற கவலையால், 1960-இல் செனட் அந்த வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு எந்த அதிபரும் உச்ச நீதிமன்றத்துக்கு அப்படிச் செய்யவில்லை.

கட்சி நிறம் அழுத்தமாக ஏறியது கடந்த நாற்பது வருஷத்தில்தான். செனட் நிராகரிக்கும் என்று தெரிந்த பெயரை விடுமுறை வரை காத்திருந்து அமர்த்துவது ஒரு உத்தியாக மாறியது. கிளின்டன் 1999-இல் ஜேம்ஸ் ஹோர்மெலை லக்சம்பர்க் தூதராக இப்படித்தான் அனுப்பினார். அவர் வெளிப்படையான ஒருபால் ஈர்ப்பாளர் என்பதே சில குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்புக்குக் காரணம். ஜார்ஜ் டபிள்யூ புஷ் 2004-இல் சார்லஸ் பிக்கரிங், வில்லியம் பிரையர் இருவரையும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் அமர்த்தினார். 2005 ஆகஸ்டில் ஜான் போல்டனை ஐ.நா. தூதராக அனுப்பினார். கிளின்டன் இப்படிச் செய்தவை 139, புஷ் செய்தவை 171. இரு கட்சியும் எதிர்த்தரப்பு செய்தபோது அரசியலமைப்பு மீறல் என்றன, தன் தரப்பு செய்தபோது வேறு வழியில்லை என்றன. நண்பரின் சந்தேகத்துக்கு இந்தக் கதை நல்ல ஆதாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அந்தச் சுத்தியல் தட்டும் கூட்டத்துக்கு வருவோம். 2007-இல் ஜனநாயகக் கட்சிக்கு செனட் பெரும்பான்மை கிடைத்தது. தலைவர் ஹாரி ரீட். அந்த நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறை வந்தபோது, சபையை முழுதாக ஒத்திவைக்காமல் மூன்று நாளைக்கு ஒருமுறை பெயரளவுக் கூட்டம் நடத்த அவர் ஏற்பாடு செய்தார். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் யாராவது ஒரு உறுப்பினர், அந்த விடுமுறையில் வர்ஜீனியாவின் ஜிம் வெப், வந்து கூட்டத்தைத் தொடங்கி அரை நிமிஷத்தில் ஒத்திவைத்துவிடுவார். ஏன் மூன்று நாள்? ஒரு சபை மற்றதன் சம்மதம் இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் கலையக் கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. மூன்று நாளுக்குள் கூடிவிட்டால் அது விடுமுறைக் கணக்கில் வராது என்பது ரீட்டின் வாதம். புஷ் அதை மீறிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பதவிக்காலம் முடியும்வரை ஒரு விடுமுறை நியமனம்கூட அவர் செய்யவில்லை. அந்த முப்பது வினாடியை வெறும் நாடகம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு அதிபரின் பேனாவை அது ஒரு வருஷத்துக்கும் மேல் நிறுத்திவைத்தது.

2011-இல் காட்சி தலைகீழானது. செனட் ஜனநாயகக் கட்சியிடம், பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியிடம். செனட் மூன்று நாளுக்கு மேல் கலையத் தேவையான சம்மதத்தைப் பிரதிநிதிகள் சபை தராமல் இருந்தது. ரீட் கண்டுபிடித்த அதே ஆயுதம் இப்போது அவருடைய கட்சியின் அதிபருக்கு எதிராகத் திரும்பியது. பின்னணியில் இரண்டு அமைப்புகள் முடங்கும் நிலை. ஒன்று, நிதி நெருக்கடிக்குப் பிறகு உருவாக்கிய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம். அதன் அமைப்பையே மாற்றாவிட்டால் யாரை நிறுத்தினாலும் ஒப்புதல் தரமாட்டோம் என்று 44 குடியரசுக் கட்சி செனட்டர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். அதன் தலைவர் பதவிக்கு ஒபாமா சொன்ன ரிச்சர்ட் கோர்ட்ரேயின் பெயர் 2011 டிசம்பரில் 53–45 என்று பெரும்பான்மை பெற்றும், விவாதத்தை முடிக்க அப்போது தேவைப்பட்ட 60 வாக்கு இல்லாததால் நின்றுபோனது. இன்னொன்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம். ஐந்து பேர் இருக்க வேண்டிய வாரியத்தில் குறைந்தது மூன்று பேர் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. 2012 ஜனவரியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஜனவரி 3-ஆம் தேதி ஒரு பெயரளவுக் கூட்டம், 6-ஆம் தேதி அடுத்தது. நடுவில் 4-ஆம் தேதி ஒபாமா கோர்ட்ரேயையும் வாரியத்துக்கு மூன்று பேரையும் நியமித்துவிட்டார். இந்தக் கூட்டங்களில் வேலை எதுவும் நடப்பதில்லை, எனவே செனட் உண்மையில் விடுமுறையில்தான் இருக்கிறது என்பது அவருடைய வழக்கறிஞர்களின் நிலை.

இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது வாஷிங்டன் மாநிலத்தில் யாகிமா என்ற ஊரிலிருந்த நோயல் கேனிங் என்ற பெப்சி பாட்டில் நிறுவனம். தொழிற்சங்கத்தோடு நடந்த பேச்சில் வாய்வழியாக ஒத்துக்கொண்டதை எழுத்தில் தர மறுத்தது என்று அதன்மேல் புகார். எழுதிக் கையெழுத்துப் போடு என்றது வாரியம். 'உத்தரவு போட்ட வாரியத்தில் மூன்று பேர் செல்லாத நியமனம், மீதி இரண்டு பேர் கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) ஆகமாட்டார்கள், எனவே உத்தரவே செல்லாது' என்று நிறுவனம் திருப்பிக் கேட்டது. 2014 ஜூன் 26-ஆம் தேதி வந்த தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் ஒபாமாவின் நியமனங்கள் செல்லாது என்றார்கள். அந்த ஒருமித்த முடிவுக்கு உள்ளே காரணத்தில் 5–4 என்று பிளவு. நீதிபதி பிரேயர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, நீண்டகால நடைமுறையை மதித்தது: கூட்டத்தொடருக்குள் விடும் விடுமுறையும் சேரும், பழைய காலியிடத்தையும் நிரப்பலாம், ஆனால் பத்து நாளுக்குக் குறைந்த இடைவெளி பொதுவாகப் போதாது. அப்புறம் முக்கியமான வரி: தன் விதிகளின்படி வேலை செய்யும் திறன் இருக்கும்வரை, கூடியிருக்கிறேன் என்று செனட் சொன்னால் அது கூடியிருக்கிறது. இதற்கு நல்ல சான்றும் இருந்தது. வேலை எதுவும் நடக்காது என்று அறிவித்துவிட்டு நடந்த பெயரளவுக் கூட்டம் ஒன்றில், 2011 டிசம்பர் 23-ஆம் தேதி, ஊதிய வரிச் சலுகையை நீட்டிக்கும் மசோதாவை அதே செனட் நிறைவேற்றியிருந்தது. நீதிபதி ஸ்கேலியா தலைமையில் நான்கு பேர் இன்னும் கடுமையாகப் போனார்கள்: தொடர்களுக்கு நடுவே வரும் விடுமுறை மட்டும், அதற்குள் உண்டான காலியிடம் மட்டும் என்றார்கள்.

எனக்கு இந்த வழக்கில் மனம் ஆறாத பகுதி ஒன்று உண்டு. 2012 ஜனவரியிலிருந்து 2013 ஆகஸ்ட் வரை அந்த வாரியம் தீர்த்த நூற்றுக்கணக்கான வழக்குகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், சங்கம் அமைத்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர் என்று அந்தக் கோப்புகளில் மனிதர்கள் இருந்தார்கள். வாஷிங்டனில் யாருக்கு எந்த நாள் விடுமுறை என்ற தகராறின் செலவை அவர்கள் ஏற்க வேண்டியிருந்தது. இதில் ஒபாமா அவசரப்பட்டார் என்பதும் உண்மை; சட்டம் உருவாக்கிய ஓர் அமைப்பை ஆளே போடாமல் சாகடிப்பது என்ற முடிவில் அவரை அங்கே தள்ளியவர்களுக்கும் பொறுப்பு உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் முழுமை ஆகாது.

தீர்ப்புக்குப் பின் அந்தக் கருவி ஏறக்குறைய செத்துவிட்டது. ஒபாமாவின் எட்டு வருஷத்தில் மொத்தம் 32 விடுமுறை நியமனங்கள். டிரம்ப்பின் முதல் ஆட்சியிலும் பைடன் ஆட்சியிலும் ஒன்றுகூட இல்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே இன்னொரு மாற்றம் நடந்திருந்தது. 2013-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கான பெயர்களைச் சுற்றி மோதல் முற்றியது. (அந்த மே மாதம் திருநெல்வேலிப் பூர்வீகம் கொண்ட ஸ்ரீ ஸ்ரீனிவாசன் 97–0 என்று எதிர்ப்பே இல்லாமல் அந்த நீதிமன்றத்துக்குத் தேர்வானார், அவருக்குப் பின் வந்த மூன்று பேருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.) நவம்பரில் ரீட் விதியையே மாற்றினார். உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு 60 வாக்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். 2017-இல் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மெக்கானல் அதை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டினார்.

அப்படியானால் நண்பர் கேட்பது நியாயம்தான். சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றான பிறகு, 53 இடம் வைத்திருக்கும் கட்சியின் அதிபர் ஏன் லீவு கேட்கிறார்? இரண்டு காரணம். ஒன்று நேரம். ஒவ்வொரு பெயருக்கும் விவாத முடிப்பு வாக்கு, காத்திருப்பு, இறுதி வாக்கு என்று சபையின் நேரம் போகும். முன்பெல்லாம் கீழ்நிலைப் பதவிகளைக் குரல் வாக்கில் மொத்தமாக விட்டுவிடுவார்கள். அந்த வழக்கம் வருஷாவருஷம் தேய்ந்து, 2025-இல் ஜனநாயகக் கட்சியினர் அதை முற்றிலும் நிறுத்தி ஒவ்வொரு பெயருக்கும் வாக்கெடுப்பு கேட்டார்கள். இரண்டாவது காரணம் வெளியில் சொல்லாதது: சொந்தக் கட்சியிலேயே 50 வாக்கு கிடைக்காத பெயர்கள். டிரம்ப் 2024 நவம்பர் 10-ஆம் தேதி, செனட் தலைவராக விரும்புகிற எவரும் விடுமுறை நியமனத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். சில நாளில் மேட் கேட்ஸை அட்டர்னி ஜெனரலாக அறிவித்தார். கேட்ஸ் அந்த மாதமே விலகிக்கொண்டார். தடுத்தவர்கள் எதிர்க்கட்சியினர் அல்ல, குடியரசுக் கட்சி செனட்டர்கள்.

இந்த இடத்தில்தான் என் பதில் இருக்கிறது. பேச்சில் இரு கட்சிக்கும் கொள்கை இல்லை, ஆளுக்கேற்ப மாறுகிறார்கள். ஆனால் செனட்டர் என்ற பதவிக்கு ஒரு சுயநலம் இருக்கிறது, அது கட்சி மாறினாலும் மாறுவதில்லை. ஒப்புதல் வாக்கு கையில் இருந்தால்தான் அதிபர் அவர்களைத் தொலைபேசியில் அழைப்பார். 2017 ஆகஸ்டில், டிரம்ப் தன் அட்டர்னி ஜெனரல் செஷன்ஸைத் தூக்கிவிட்டு வேறு ஆளை அமர்த்துவார் என்ற பேச்சு இருந்தபோது, குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை செனட்டே ஒன்பது பெயரளவுக் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஊருக்குப் போனது. 2025 ஆகஸ்டிலும் அதே கதை. லீவு விடுவதற்குப் பதிலாக, அந்த செப்டம்பரில் அவர்கள் விதியை மாற்றிப் பல பெயர்களை ஒரே வாக்கில் சேர்த்து நிறைவேற்றும் வழியை உண்டாக்கினார்கள். முதல் தொகுதியில் 48 பேர், அக்டோபரில் 107 பேர். தன் வாக்கைத் துறக்காமல் அதிபருக்கு வேகம் கொடுத்தார்கள். இது உயர்ந்த லட்சியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசியலமைப்பை எழுதியவர்கள் நம்பியது இந்தச் சுயநலத்தைத்தான்.

இனி தீராத விஷயம். இரு சபைகளுக்கும் ஒத்திவைக்கும் நேரம் பற்றிக் கருத்து வேறுபாடு வந்தால் அதிபர் தானே இரண்டையும் ஒத்திவைக்கலாம் என்று அரசியலமைப்பில் ஒரு வரி இருக்கிறது. இதுவரை எந்த அதிபரும் அதைப் பயன்படுத்தியதில்லை. 2020 ஏப்ரலில் டிரம்ப் பயன்படுத்தப் போவதாக மிரட்டி, பின் செய்யவில்லை. பிரதிநிதிகள் சபை 'நாம் இருவரும் கலைவோம்' என்று தீர்மானம் போட்டு, செனட் மறுத்தால், அது கருத்து வேறுபாடு ஆகுமா? ஆகும் என்பவர்கள், போதுமான ஆதரவு இருந்தால் அதிபர் விடுமுறையை வரவழைக்கலாம் என்று பிரேயரின் தீர்ப்பே போகிறபோக்கில் சொன்னதைக் காட்டுவார்கள். ஆகாது என்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது: ஒரு சபை கலைவதற்குத்தான் மற்றதன் சம்மதம் வேண்டும், உட்கார்ந்திருப்பதற்கு யார் சம்மதமும் வேண்டாம். ஆனால் இது என் கருத்து மட்டுமே, எந்த நீதிமன்றமும் இதைத் தீர்க்கவில்லை. இன்னொன்று. 2014 தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்த ஐந்து பேரில் சோட்டோமேயரும் கேகனும் மட்டுமே இன்று நீதிமன்றத்தில் இருக்கிறார்கள். ஸ்கேலியாவோடு நின்றவர்களில் ராபர்ட்ஸ், தாமஸ், அலிட்டோ மூவரும் இருக்கிறார்கள். புது வழக்கு வந்தால் விலக்கு இன்னும் சுருங்க வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன். அதே நேரம் அதிபரின் அதிகாரத்தை விரிவாகவே பார்த்துவரும் நீதிமன்றம் இது என்பதால், அடித்துச் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தைச் சேர்க்காவிட்டால் படம் குறைபடும். விடுமுறை நியமனத்தின் கதவு மூடியதும் அதிபர்கள் பக்கத்துக் கதவுக்குப் போனார்கள்: பொறுப்பு அதிகாரிகள். 1998-ஆம் ஆண்டின் காலியிடச் சட்டப்படி பொதுவாக 210 நாள் வரை ஒருவரைப் பொறுப்பில் வைக்கலாம், வேறு சில வழிகளில் அதற்கு மேலும் இழுக்கலாம். பொறுப்பு அதிகாரிகள் தனக்கு வசதி என்று டிரம்ப் 2019-இல் வெளிப்படையாகவே சொன்னார். 2025-இல் அரசு வழக்கறிஞர் பதவிகளில் இப்படி உட்கார்ந்த சிலரின் நியமனம் செல்லாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தொழிலாளர் வாரியமோ 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரு உறுப்பினரை நீக்கியதால் மறுபடி கோரம் இழந்து, அந்த வருஷத்தின் பெரும்பகுதி இறுதி முடிவு எதுவும் சொல்ல முடியாமல் கிடந்தது. 2012-இல் காத்திருந்தவர்களைப் போலவே இன்னொரு வரிசை காத்திருந்தது.

அடுத்த முறை 'விடுமுறை நியமனம் வரப்போகிறது' என்று செய்தி பார்த்தால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். செனட் போட்ட ஒத்திவைப்புத் தீர்மானத்தில் நடுவே பெயரளவுக் கூட்டங்களுக்குத் தேதி குறித்திருக்கிறதா? இல்லையென்றால் இடைவெளி பத்து நாளைத் தொடுகிறதா? நீண்ட விடுமுறைக்குப் பிரதிநிதிகள் சபையும் சம்மதித்திருக்கிறதா? கூட்டத்துக்குத் தேதி குறித்திருந்தால், அல்லது மற்ற இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அதிபர் என்ன பதிவு போட்டாலும் இன்றைய சட்டப்படி அந்த வழி திறக்காது.